பாலும் உறையும், குருதியும் உறையும்

விடியற்காலையில் பெரட்டு முடிந்து, நிரைக்குச் சென்று, முதல் மரத்தில் கத்தியை வைத்துப் பட்டையைச் சீவியவுடன் வெண்ணிறப் பால் கோட்டின் வழியே இறங்கி மங்கில் விழுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். நிரையின் கடைசி மரத்தையும் வெட்டிவிட்டுச் சற்று இளைப்பாறித் திரும்பி வரும்போது, முதலில் வெட்டிய மரத்தில் சொட்டுவது குறைந்திருக்கும். இன்னும் சிறிது நேரத்தில் அது முற்றாக நின்றுவிடும். மரத்தில் பால் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. அடுத்த வெட்டில் அதே மரம் மறுபடியும் பால் தருகின்றது. அப்படியானால் ஒழுகிய பாலை நிறுத்தியது எது?

இக்கேள்வியை 1960களில் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் ஆராய்ந்தனர். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் மயிரினும் மெல்லியவை. அவற்றில் ரப்பர்த் துகள்கள் மட்டும் மிதக்கவில்லை. 'லூட்டாய்டு' எனப்படும் நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. பட்டையை வெட்டியவுடன் குழாயினுள் இருந்த அழுத்தம் சட்டெனக் குறைந்து பால் விரைந்து பாய்கின்றது. அந்தப் பாய்ச்சலில் இப்பைகளுள் பல உடைந்துவிடுகின்றன. உடைந்த பையிலிருந்து வெளிவரும் பொருள், அருகிலுள்ள ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றது. ஒட்டிய துகள்கள் வெட்டுவாயில் தக்கைபோல் அமைந்து குழாயை அடைத்துவிடுகின்றன. அப்பைகளுக்குள் இருக்கும் 'ஹெவீன்' என்னும் சிறு புரதம், ரப்பர்த் துகளின் மேற்பரப்பிலுள்ள வேறொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு துகள்களை இணைக்கின்றது என்பது 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வினால் தெளிவாயிற்று.

மரத்துக்கு இந்த அடைப்பு உயிர்க்காப்பு. விளைச்சலை எதிர்பார்க்கும் நமக்கோ அது இடையூறு. ஆகவேதான் 1960களின் இறுதியில் அதே கழகத்தார் எத்தெபோன் என்னும் ஊக்கி மருந்தைப் பட்டையில் தடவிப் பார்த்தனர். அடைப்பு உண்டாவது தாமதமாயிற்று. பால் நெடுநேரம் ஒழுகிற்று. ஆனால், அம்மருந்தை அளவு மீறித் தடவினால் பட்டை வறண்டு மரம் பாலே தராமற் போகும் என்பதைத் தோட்டத்தில் பழகியவர்கள் அறிவர்.

இக்கட்டுரையில் நாம் பேச வந்தது மரத்தைப் பற்றியன்று. மனிதரின் நெஞ்சைப் பற்றியே. எனினும், பால்வெட்டைத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு மாரடைப்பை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. குருதி உறைவதும் ஏறக்குறைய இவ்வாறே நிகழ்கின்றது. உறைதலைத் தடுக்க மருத்துவர் செய்யும் முயற்சியும், அம்முயற்சியில் உள்ள இடரும்கூட இதைப் போன்றவையே.

குருதியின் தட்டணுக்கள்

நம் குருதியில் செவ்வணுக்கள், வெள்ளணுக்கள் என்பவற்றோடு தட்டணுக்கள் என்னும் மூன்றாம் வகையும் உண்டு. இவை மிகச் சிறியவை. ஒரு தட்டணுவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கினை ஒட்டியதாகும். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில், அதாவது குண்டூசித் தலையளவு துளியில், 1,50,000 முதல் 4,00,000 வரை தட்டணுக்கள் இருக்கும். இவை ஏழு முதல் பத்து நாள் வாழ்ந்து மறைகின்றன. அவற்றின் இடத்தை எலும்பு மச்சையிலிருந்து வரும் புதியவை நிரப்புகின்றன.

1882இல் இத்தாலியின் தூரின் நகரத்து மருத்துவர் பிட்சோசெரோ, உயிருள்ள விலங்கின் சிறு குருதிக் குழாயை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதில் ஒரு காயத்தை உண்டாக்கிக் கவனித்தார். காயம்பட்ட இடத்தில் முதலில் வந்து ஒட்டியவை இத்தட்டணுக்களே. அதுவரையில் இவற்றைத் தூசியென்றும், சிதைந்த அணுக்களின் துண்டுகளென்றும் கருதியவர் பலர்.

கத்தி தவறி விரலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் உட்சுவர் கிழிந்து, அதன் அடியிலுள்ள நார்ப்பொருள் குருதிக்கு வெளிப்படுகின்றது. விரைந்து ஓடும் குருதியில் மிதந்துவரும் தட்டணு அவ்விடத்தில் நிற்பதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். அப்பிடிப்பைத் தருவது 'வான் வில்லிபிராண்டு' என்னும் நீண்ட கயிறு போன்ற புரதமாகும். 1926இல் அதன் குறையால் வரும் குருதிப்போக்கு நோயை முதன்முதலில் விவரித்த பின்லாந்து மருத்துவரின் பெயரை அது பெற்றிருக்கின்றது. கயிற்றைப் பிடித்து நின்ற தட்டணு விழிப்படைகின்றது. அதன் வட்ட வடிவம் மாறி முட்கள் நீள்கின்றன. தன்னுள் வைத்திருந்த பொருள்களை வெளியே கொட்டி, கடந்து செல்லும் பிற தட்டணுக்களையும் எழுப்புகின்றது.

விழித்த தட்டணுக்கள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றிக்கொள்கின்றன என்பதுதான் இக்கட்டுரையின் மையம். ஒவ்வொரு தட்டணுவின் மேற்பரப்பிலும் ஏறத்தாழ 80,000 பற்றுக் கைகள் உள்ளன. மருத்துவ நூல்கள் இவற்றுக்கு எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட பெயரைத் தருகின்றன. நாம் 'கை' என்றே சொல்வோம். தட்டணு உறங்கும்போது இக்கைகள் மூடியிருக்கும், விழித்தவுடன் விரியும். குருதியில் எப்போதும் கரைந்திருக்கும் 'ஃபைப்ரினோஜன்' என்னும் புரதம் இரு முனைகளிலும் பற்றுவதற்கு இடம் கொண்டது. ஒரு முனையை ஒரு தட்டணுவின் கையும், மறு முனையை அடுத்த தட்டணுவின் கையும் பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு ஆயிரமாயிரம் தட்டணுக்கள் கைகோத்து நிற்க, அந்த ஃபைப்ரினோஜனே ஃபைப்ரின் என்னும் நாராக மாறிக் கூட்டத்தின் மேல் வலை பின்னுகின்றது. செவ்வணுக்கள் அவ்வலையில் சிக்கிக்கொள்ளக் கட்டி இறுகுகின்றது, குருதி நிற்கின்றது. ஹெவீன் ரப்பர்த் துகள்களை இணைப்பதும் ஃபைப்ரினோஜன் தட்டணுக்களை இணைப்பதும் ஒரே வகை வேலை என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டிருப்பார்கள்.

வெட்டு விரலில் அன்றி, நெஞ்சுக்குள் நிகழ்ந்தால்

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் சில மில்லிமீட்டர் அகலமே உடையவை. புகை பிடித்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு மிகுதி ஆகியவற்றால் இந்நாடிகளின் சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிந்து தடிக்கின்றது. நம் நாட்டில் நீரிழிவு இந்திய வம்சாவளியினரிடையே மற்ற இனத்தாரைவிட அதிகமாகக் காணப்படுகின்றது என்பதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒருநாள் அப்படிவின் மேலுள்ள மெல்லிய தோல் கிழிகின்றது. தட்டணுக்களுக்கு அது விரற்காயமா, நாடிச் சுவரின் கிழிசலா என்று தெரியாது. அவை தம் கடமையைச் செய்கின்றன. விரலில் உயிர்காத்த அதே கட்டி இங்கே நாடியை அடைத்துவிடுகின்றது. அடைப்புக்கு அப்பாலுள்ள தசை குருதியின்றி மடியத் தொடங்குகின்றது.

நாடியை அடைப்பது கட்டிதானா, அல்லது தசை மடிந்த பிறகுதான் கட்டி உண்டாகின்றதா என்பது பற்றி மருத்துவர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 1980இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரத்தைச் சேர்ந்த டிவுட் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு நோயாளிகளின் நாடிகளில் சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தனர். வலி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் வந்த 126 பேரில் 110 பேருக்கு நாடி முழுவதும் அடைபட்டிருந்தது. வாதம் முடிந்தது. கட்டிதான் காரணமென்றால், கட்டியைக் கரைத்தால் தசை பிழைக்கும் அல்லவா?

கரைக்கும் மருந்து அதற்கு நெடுங்காலம் முன்பே கையில் இருந்தது. 1933இல் டில்லட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய உதவியாளரும், தொண்டை நோயைத் தரும் ஒருவகைக் கிருமி வெளியிடும் பொருள் உறைந்த குருதியைக் கரைப்பதைக் கண்டனர். அதுவே பின்னர் ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனப் பெயர் பெற்றது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலும் இது பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்டது. ஒரு மணி நேரத்தில் நரம்பு வழியே செலுத்தப்படும் இம்மருந்து, ஃபைப்ரின் நாரை அறுக்கும் கத்தியை நம் குருதியிலிருந்தே உண்டாக்கித் தருகின்றது.

இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இம்மருந்தைச் சோதித்து 1986இல் முடிவை வெளியிட்டனர். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தனர். அதே நேரத்தில் வந்தும் மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 15 பேர் இறந்தனர். மூன்று மணிக்குள் வந்தோருக்குப் பயன் அதிலும் குறைந்தது. ஆறு மணிக்குப் பின் வந்தோருக்கு அந்த ஆய்வில் பயன் காணப்படவில்லை. பன்னிரண்டு மணி வரையிலும் ஓரளவு பயன் உண்டெனப் பிந்திய ஆய்வுகள் காட்டின. எனினும் மணி ஏற ஏறப் பயன் இறங்குகின்றது என்பதில் ஐயமில்லை.

இவ்வெண்களைத் தோட்டத்து நாளோடு பொருத்திப் பார்ப்போம். நாற்பத்தைந்து வயதுள்ள பால்வெட்டுத் தொழிலாளி ஒருவருக்குக் காலை எட்டு மணிக்கு நடுநெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல் அழுத்தம் தோன்றுகின்றது. இடக்கையும் தாடையும் கடுக்கின்றன. உடல் வியர்த்துக் குமட்டுகின்றது. அவர் அதை வாயு என்று எண்ணி வெந்நீர் குடிக்கின்றார். பாதி நிரையை விட்டுப் போனால் அன்றைய கூலி என்னாவது என்று தயங்குகின்றார். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து, மனைவி நெஞ்சில் தைலம் தேய்த்துவிட, சற்றுக் கண்ணயர்ந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு மருத்துவமனைக்குச் செல்கின்றார். ஆறு மணி நேரம் போய்விட்டது. அவர் நெஞ்சுரம் மிக்கவர் என்று நாம் பாராட்டுவதா? அந்த ஆறு மணி நேரத்தில் மடிந்த தசையை எம்மருந்தாலும் மீட்க முடியாது.

நீரிழிவுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் இவ்வளவு வெளிப்படையாக வலி தோன்றாமலும் இருக்கலாம். காரணமில்லாத மூச்சுத்திணறல், திடீர்ச் சோர்வு, குளிர்ந்த வியர்வை இவையே அறிகுறிகளாக வரக்கூடும். அத்தகைய வேளையில் வேலையை அப்படியே விட்டுவிட்டு, தண்டலிடம் சொல்லியனுப்பி, 999 என்னும் எண்ணை அழைப்பதே முறை. நோயாளியை நடக்கவைத்து அழைத்துச் செல்வதும், அவரே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போவதும் கூடா.

நாரைக் கரைத்தும் கட்டி கரையாதது ஏன்?

ஸ்ட்ரெப்டோகைனேஸும் அதன் பின்வந்த மருந்துகளும் பலரைக் காத்தன. ஆயினும் மருந்து பெற்ற எல்லாருக்கும் நாடி திறக்கவில்லை. திறந்த சிலருக்கு நாடி மறுபடியும் அடைபட்டது. காரணத்தை ஆராய்ந்தபோது, இம்மருந்துகள் வலையை அறுக்கின்றனவேயன்றி, கைகோத்து நிற்கும் தட்டணுக்களைப் பிரிப்பதில்லை என்பது விளங்கிற்று. செவ்வணுக்கள் மிகுந்த சிவந்த கட்டி எளிதில் கரைகின்றது. தட்டணுக்கள் மிகுந்த வெளிறிய கட்டியோ அத்தனை எளிதில் கரைவதில்லை. நாரை அறுக்கும் கத்தியை மழுங்கச் செய்யும் பொருளொன்றைத் தட்டணுக்கள் தம்மிடமே வைத்திருக்கின்றன. அதற்குமேலும் ஒரு தொல்லை உண்டு. கட்டி கரையும்போது அதனுள் சிக்கியிருந்த 'திராம்பின்' என்னும் உறைவுப் பொருள் விடுபட்டுப் புதிய தட்டணுக்களை எழுப்பிவிடுகின்றது.

எனவே நாரோடு சேர்த்துத் தட்டணுவையும் அடக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. இதற்குக் கிடைத்த முதல் கருவி மிகவும் மலிவானது. கடைகளில் தலைவலிக்கு விற்கும் ஆஸ்பிரின்தான். ஆஸ்பிரின், தட்டணுக்கள் ஒன்றையொன்று எழுப்பும் குரல்களுள் ஒன்றை அடக்கிவிடுகின்றது. அந்தத் தட்டணு வாழும் நாள் முழுவதும் அக்குரல் எழுவதில்லை. 1988இல் முடிவு வெளிவந்த மாபெரும் ஆய்வொன்றில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். எந்த மருந்தும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இருதய, குருதிக்குழாய்க் காரணங்களால் இறந்தவர் நூற்றுக்கு 13.2 பேர். ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆஸ்பிரின் இரண்டையும் பெற்றவர்களில் இறந்தவர் நூற்றுக்கு 8 பேர்.

ஆனால் எழுப்பும் குரல் ஒன்றல்ல, பல. ஒன்றை அடக்கினால் மற்றொன்று ஒலிக்கும. எந்தக் குரல் எழுப்பினாலும் முடிவில் எல்லாத் தட்டணுக்களும் நீட்டுவது அதே கையைத்தான். அந்தக் கையையே கட்டிவிட்டால் என்ன?

கையே இல்லாமற் பிறந்தவர்கள் எப்படியிருப்பர் என்பதை மருத்துவ உலகம் முன்னமே கண்டிருந்தது. 1918இல் சுவிட்சர்லாந்து குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன், மூக்கிலிருந்தும் ஈறிலிருந்தும் அடிக்கடி குருதி வடியும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களின் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவர்களுடைய தட்டணுக்களில் அந்தப் பற்றுக் கை இல்லை என்பது 1970களில் தெரியவந்தது. இதையறிந்த அமெரிக்க மருத்துவர் பாரி கோலர், அந்தக் கையை மூடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம் ஒன்றை எலிகளின் உதவியால் உருவாக்கி 1983இல் வெளியிட்டார். 1988இல் நாய்களின் இருதய நாடிகளில் செய்த சோதனையில், நாரைக் கரைக்கும் மருந்தோடு இதனையும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டி விரைவில் கரைந்தது. நாடி மீண்டும் அடைபடாமலும் இருந்தது. 1994இல் இது அப்சிக்சிமாப் என்னும் பெயரில் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது.

பினாங்கு மருத்துவமனையில் ஒரு கண்டுபிடிப்பு

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் தோட்டங்களிலேயே தொடங்குகின்றது என்றால் வியப்பாக இருக்கலாம். கெடா, பெர்லிஸ், பினாங்கு முதலிய வடமாநிலங்களில் ரப்பர் மரத்தடிச் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் மலாயாக் குழிவிரியனை நம்மவர் பலர் பார்த்திருப்பர். காலடி ஓசை கேட்டும் இடம்விட்டு நகராமல் கிடப்பதால் மலாய்க்காரர்கள் அதை 'காப்பாக் போடோ' என்பர்; போடோ என்றால் மடையன். இருட்டில் நிரைக்குப் போகும் தொழிலாளியின் காலைக் கடிப்பதும் இதுவே.

பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய அலிஸ்டர் ரீட் என்னும் ஆங்கில மருத்துவர், இப்பாம்பு கடித்து வந்தோரைப் பல ஆண்டுகள் கவனித்தார். அவர்களிற் பலருடைய குருதி நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் உறையவேயில்லை. ஆனால் கடிவாய் வீக்கமும் தொடக்கத்து இரத்தக் கசிவும் தணிந்தபின், அவர்களில் பெரும்பாலோர் பெரிய குருதிப்போக்கின்றி நடமாடினர். உறையாத குருதியோடு மனிதர் இருக்க முடியுமானால், கட்டியால் துன்புறுவோர்க்கு அந்நிலையை அளவோடு உண்டாக்கலாமே என்று ரீட் எண்ணினார். அவரும் பினாங்கில் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1963இல் இதனை வெளியிட்டனர். அந்த நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த 'அன்க்ராட்' என்னும் பொருள், குருதியிலுள்ள ஃபைப்ரினோஜனைத் தீர்த்துவிடுகின்றது. அதனைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தபோது 2000இல் வெளிவந்த ஆய்வு சிறிது நம்பிக்கை தந்தது. 2006இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் பயன் தெரியவில்லை.

ஆனால் அந்நஞ்சில் வேறொரு சரக்கும் இருந்தது. 1980களில் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் அதே குழிவிரியனின் நஞ்சிலிருந்து 'ரோடோஸ்டோமின்' என்னும் சிறு புரதத்தைப் பிரித்தனர். அது ஃபைப்ரினோஜனின் முனையைப்போல் வேடம் பூண்டு, தட்டணுவின் கைக்குள் புகுந்து அமர்ந்துகொள்கின்றது. கை நிறைந்துவிட்டபடியால் அடுத்த தட்டணுவைப் பற்ற இயலவில்லை. வேறு பல விரியன்களின் நஞ்சிலும் இத்தகைய புரதங்கள் அகப்பட்டன. அமெரிக்கச் சிறு கிலுகிலுப்பை விரியனின் நஞ்சுப் புரதத்தைப் பார்த்து எப்டிஃபிபடைடு என்னும் மருந்தும், சுருட்டை விரியனின் நஞ்சுப் புரதத்தைப் பார்த்து டைரோஃபைபன் என்னும் மருந்தும் செய்யப்பட்டு, இரண்டும் 1998இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டன. இவை நஞ்சு அல்ல; நஞ்சின் ஒரு சிறு உறுப்பின் சாயலில் ஆலையில் செய்யப்பட்டவை. பாம்புக்கடி இருதயத்துக்கு நல்லது என்று எவரும் இதைத் திரித்துக்கொள்ள வேண்டாம். கடிபட்டவரின் காயத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கட்டிய கையும் வடியும் குருதியும்

நாயில் கண்ட வெற்றி மனிதரிலும் கிடைத்ததா? 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில் 16,588 மாரடைப்பு நோயாளிகளுக்கு இரு முறைகளை ஒப்பிட்டனர். ஒரு சாராருக்குக் கரைக்கும் மருந்து முழு அளவில் தரப்பட்டது. மற்றொரு சாராருக்கு அதில் பாதி அளவும், கையை மூடும் அப்சிக்சிமாபும் தரப்பட்டன. முப்பது நாளில் முதற் சாராரில் நூற்றுக்கு 5.9 பேரும், இரண்டாம் சாராரில் 5.6 பேரும் இறந்தனர். இதைப் பெரிய வேறுபாடு என்று சொல்ல முடியாது. இரண்டாம் சாராருக்கு மறுபடியும் மாரடைப்பு வருவது குறைந்தது. ஆனால் குருதிப்போக்கு மிகுந்தது. எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மூளையில் கசிவு உண்டாகும் அச்சம் கூடிற்று. ஊக்கி மருந்தை அளவு மீறித் தடவிய மரத்தை இங்கே நினைவுகூரலாம். நெஞ்சிலுள்ள ஒரு கட்டியைக் கருதி உடல் முழுவதிலுமுள்ள தட்டணுக்களின் கைகளைக் கட்டினால், வயிற்றுப் புண்ணிலோ மூளையின் மெல்லிய குழாயிலோ கசிவு உண்டாகும்போது அடைப்பதற்கு ஆளில்லை. அப்சிக்சிமாபின் தயாரிப்பும் பின்னர் நின்றுபோயிற்று. மற்ற இரண்டும், நாடிக்குள் பலூனைச் செலுத்தி அடைப்பை விரிக்கும் சிகிச்சையின்போது தேவைப்படுவோர்க்கு மட்டும் பயன்படுகின்றன.

ஆய்வாளர்கள் இப்போது வேறொரு வழியை நாடுகின்றனர். உறங்கும் தட்டணுவின் கை மூடியும், விழித்ததன் கை விரிந்தும் இருக்கும் என்று முன்னர்ச் சொன்னோம். கட்டியில் இருப்பவை விழித்தவை; உடலெங்கும் ஓடுபவற்றில் பெரும்பாலானவை உறங்குபவை. விரிந்த கையை மட்டும் இனங்காணும் எதிர்ப்புப் புரதம் ஒன்றைச் செய்து, அதன் முதுகில் நாரைக் கரைக்கும் மருந்தைச் சிறிதளவே ஏற்றி அனுப்பினால், அது கட்டியிருக்கும் இடத்தைத் தானே தேடிப் போய்ச் சேரும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் இவ்வாறு ஒன்றை உருவாக்கி 2014இல் வெளியிட்டனர். சுண்டெலிகளில் கட்டி கரைந்தது. வாலில் உண்டாக்கிய காயம் வழக்கமான நேரத்திலேயே அடைத்துக்கொண்டது. எலியில் கண்டதை மனிதரில் காணும் வரை நாம் மகிழ்ச்சியைச் சற்று அடக்கியே வைக்க வேண்டும். நாயின் பாடம் அதைத்தான் கற்பித்தது.

மாத்திரை உண்போர்க்கு

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினும், தட்டணுவின் மற்றொரு குரலை அடக்கும் குளோபிடோக்ரல் போன்ற மருந்தும் தரப்படுகின்றன. நாடிக்குள் கம்பிவலைக் குழாய் பொருத்தப்பட்டவர்கள் இம்மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடுவது மிகவும் ஆபத்தானது. அக்கம்பியின் மேல் தட்டணுக்கள் கூடி ஒரே நாளில் நாடியை அடைத்துவிடக்கூடும். உடம்பு தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்தியவர்கள் உண்டு. மாத்திரை தீரும் முன்பே கிளினிக்குக்குச் சென்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுபுறம், மாரடைப்பே வராத ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் உண்கிறார் என்று தாமும் நாள்தோறும் ஆஸ்பிரின் உண்ணத் தொடங்குவதும் தவறு. வயிற்றுப் புண் உள்ளவருக்கு அது குருதிவாந்தியில் முடியலாம். டிங்கிக் காய்ச்சல் பரவும் காலத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. டிங்கியில் தட்டணுக்களின் எண்ணிக்கையே சரிந்துவிடுகின்றது. எஞ்சியவற்றையும் ஆஸ்பிரினால் செயலிழக்கச் செய்தால் கசிவை நிறுத்துவது கடினம். காய்ச்சலென்றால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினை வழக்கமாக உண்ணும் இருதய நோயாளிக்கு டிங்கி கண்டால், நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் தாமே முடிவு செய்யாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பல் பிடுங்கப் போகும்போதும், வேறு எந்த அறுவைக்குப் போகும்போதும் இம்மாத்திரைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையின் பெயர் நினைவில் நில்லாதவர்கள் அதன் அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் நாளில் தண்டலும் பக்கத்து நிரைக்காரரும் அதை அறிந்திருப்பது நல்லது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரால் அதை எடுத்துச் சொல்ல இயலாது.